வாசலில் சொல்லக் கூடாத சொல்

தல்லாகுளத்தில் ஒரு மாடி அறையில் ஞாயிற்றுக்கிழமைகளில் உளப்பகுப்பாய்வுக்கு அறிமுக வகுப்பு நடக்கிறது என்று எங்கள் பள்ளிக்கூடத்துக் கணக்கு டீச்சர் சொன்னபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது. மதுரையில் மனசைத் திறந்து பேச ஆளா இல்லை? பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவரே சமயநல்லூர் வருவதற்குள் தன் கல்யாணக் கதையைச் சொல்லி முடித்துவிடுவார். ஆனாலும் போனேன். வாரம் முழுக்க இங்கிலீஷ் பாடம் நடத்துகிற எனக்கு, ஒரு காலையாவது பெஞ்சின் இந்தப் பக்கம் உட்கார வேண்டும்போல இருந்தது.

வகுப்பு நடத்திய மனநல ஆலோசகர் என்னைவிட இளையவர். இந்தப் பகுப்பாய்வைத் தொடங்கிவைத்த வியன்னா மருத்துவரிலிருந்து ஆரம்பித்தார். வாய்தவறி வரும் சொல் வெறும் தவறல்ல, உள்ளே அமுக்கி வைத்தது வெளியே வர வழி தேடுகிறது என்றார். அடுத்து, அந்த மருத்துவர் எழுதியதைப் பின்னாளில் புதிதாகப் படித்து விளக்கிய பாரிஸ்காரர். அவர் சொன்னதில் பாதி எனக்குப் பிடிபடவே இல்லை, சும்மா தலையாட்டினேன். பிடிபட்டது இவ்வளவுதான். நமக்கே தெரியாமல் உள்ளே இயங்கும் நனவிலி மனம் சொற்களால் ஆனது. நம்முடைய ஆசை என்று நாம் நம்புவது பெரும்பாலும் இன்னொருவரின் ஆசை. அதோடு, பேச வந்தவரைக் கடிகாரம் பார்த்து அனுப்பாமல், கனமான சொல் விழுந்த இடத்தில் சட்டென்று நிறுத்திவிடுவது அவர் வழக்கமாம். கேட்க நன்றாகத்தான் இருந்தது.

விருப்பமுள்ளவர்கள் தனியாக வந்து பேசியும் பார்க்கலாம் என்றார் ஆலோசகர். நான் பெயர் கொடுத்தேன். படிப்பு ஆர்வம் என்று வெளியே சொல்லிக்கொண்டேன். உண்மையில் வீட்டில் தினமும் சண்டை. என் மகளுக்குப் பெங்களூரில் வேலை கிடைத்திருந்தது. அவள் அப்பா சரியென்று சொல்லிவிட்டார். நான்தான் முட்டுக்கட்டை. ஊரைச் சொன்னேன், காலத்தைச் சொன்னேன், அவளுடைய சளித்தொந்தரவைக்கூடச் சொன்னேன். அந்த மாதக் கடைசிக்குள் சேராவிட்டால் வேலை போய்விடும்.

நான் பேசப் போன அன்று, அதே மாடி அறையில் படுத்துக்கொண்டு பேச ஒரு திவான் போட்டிருந்தது. ஆலோசகர் தலைமாட்டில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். நம் ஊரில் படுத்திருப்பவர் தலைமாட்டில் ஒருவர் வந்து உட்கார்ந்தால் அது எந்தக் கட்டம் என்று எல்லோருக்கும் தெரியும். சேலையைக் கால்வரை இழுத்துவிட்டுக்கொண்டு, கூரையைப் பார்த்துப் பேச ஆரம்பித்தேன்.

“காலைல கடைக்குக் கிளம்புன எம்மக வாசல்ல நின்னு, ‘போறேம்மா’ன்னா. போறேன்னு சொல்லாத, போயிட்டு வாரேன்னு சொல்லுன்னு எங்கம்மா சொன்னாங்க.”

“யாரு?”

“நாந்தான்.”

“எங்கம்மான்னு சொன்னீங்க.”

நான் வாயைத் திறப்பதற்குள் அவர் எழுந்துவிட்டார். “இன்னைக்கு இம்புட்டுப் போதும்.”

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. வீட்டுக்கு வந்த விருந்தாளியைக்கூட, ஒரு வாய் காபி குடிக்காமல் கிளம்ப விடமாட்டோம். இவர் என்னை வார்த்தையின் நடுவில் வெளியே அனுப்புகிறார். பாரிஸ்காரரையும் சேர்த்து மனசுக்குள் திட்டிக்கொண்டே ஸ்கூட்டரைக் கிளப்பினேன்.

விளாங்குடி வருவதற்குள் கோபம் எங்கோ போய்விட்டது. ஸ்கூட்டரை ஓரமாக நிறுத்திவிட்டேன். கல்யாணத்துக்கு முன்னால், எம்.ஏ. முடித்ததும் டெல்லியில் ஆராய்ச்சிப் படிப்புக்கு எனக்கு இடம் கிடைத்தது. பெட்டியோடு வாசலுக்கு வந்து, இருந்த சந்தோஷத்தில், “போறேம்மா” என்று சொல்லிவிட்டேன். அம்மா அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். “போறேன்னு சொல்லிட்டாளே!” பெட்டி உள்ளே போனது. நல்ல நாள் பார்த்துக் கிளம்பலாம் என்றார்கள். அந்த நல்ல நாள் வரவில்லை, மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். இதை ஒரு வேடிக்கைக் கதையாகத்தான் இத்தனை வருடம் எல்லோரிடமும் சொல்லிவந்திருக்கிறேன். அன்று சாலையோரத்தில் நின்று அழுதேன். வேடிக்கையாக ஒன்றும் இல்லை.

வீட்டில் மகள் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். கேட்கக் கேட்க அவள் கண் கலங்கியது. “நீ கெளம்பு, நான் தடுக்க மாட்டேன்” என்றேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அதோடு நான் வாயை மூடியிருக்கலாம்.

“வேலையோட நிப்பாட்டிராத. மேல படி, ஆராய்ச்சி பண்ணு. நான் விட்டத நீ பிடி” என்றேன். எனக்கே மூச்சு வாங்கியது. நானே டெல்லிக்குக் கிளம்புகிற மாதிரி இருந்தது.

அவள் கையை விடுவித்துக்கொண்டாள். “நேத்து வரைக்கும் ஒனக்காக இங்க இருக்கச் சொன்ன. இன்னைக்கு ஒனக்காகப் போகச் சொல்ற. இதுல நான் எங்கம்மா இருக்கேன்?”

நம் ஆசை இன்னொருவரின் ஆசை என்று பாரிஸ்காரர் சொன்னதைக் குறிப்பெடுத்து, அடிக்கோடும் போட்டவள் நான். வகுப்புக்கே போகாத இவள் பீன்ஸ் தட்டை வைத்துக்கொண்டு அதை என்னிடமே கேட்கிறாள். கோபம் வரவில்லை. பெருமையாகக்கூட இருந்தது.

“சரி, ஒனக்கு என்ன வேணும்?” என்றேன்.

இட்லியா தோசையா என்பதைத் தவிர அவளிடம் நான் அப்படிக் கேட்டதே இல்லை. அவளுக்கும் அது புதிதாக இருந்திருக்க வேண்டும். பீன்ஸ் தட்டை ஓரமாக நகர்த்தி வைத்தாள்.

“தெரியலம்மா. அங்க போய்ப் பாத்தாத்தான் தெரியும்.”

அந்தப் பதிலில் என் அம்மாவும் இல்லை, நானும் இல்லை. அவளோடு உட்கார்ந்து, எந்த ரயிலில் டிக்கெட் இருக்கிறது என்று பார்க்க ஆரம்பித்தேன்.