எக்ஸ்சேஞ்ச் அக்கா சொன்ன கதை

எங்கள் வாசகர் வட்டம் கூடுவது மருந்துக்கடையின் பின்னறையில். உட்கார அட்டைப்பெட்டிகள். சிறுகதைத் தொகுப்பு என்றால் ஒரே பிரதிதான் வாங்குவோம். கடைக்காரர் அதைக் கத்தியால் கதை கதையாகப் பிரித்து ஆளுக்கொன்று கொடுப்பார். அடுத்த கூட்டத்தில் அவரவர் கதையை வாயால் சொல்ல வேண்டும். விவாதம் முடிந்ததும் தாள்கள் கைமாறும். புத்தகத்தைக் கொலை செய்கிறோம் என்று கணக்கு டீச்சர் புலம்புவார். ஆனாலும் ஒரு கூட்டத்தையும் விடமாட்டார்.

எக்ஸ்சேஞ்ச் அக்காதான் எங்களில் மூத்தவர். தொலைபேசி நிலையத்தில் இணைப்புக் கம்பிகளைச் செருகியே நரைத்தவர். ஊரில் யாரையும் குரலை வைத்தே சொல்லிவிடுவார். கணவர் போனபின் மாடிவீட்டில் தனியாக இருந்தார். அம்மாவுக்குச் சின்னதாக ஏதாவது ஆனாலும் அன்றே வீட்டைப் பூட்டிக் கூட்டிப்போய்விடுவேன் என்று மகன் மிரட்டிக்கொண்டிருந்தான். "என் கட்டை இங்கதான் வேகும்" என்பார் அக்கா.

அந்த மாதம் அவர் சொன்ன கதையில் ஒருத்தி தனியாக வாழ்கிறாள். வெளிச்சம் மங்கும் நேரத்தில் எதிர் நாற்காலியில் ஈரத்தலையோடு ஒரு பெண்பிள்ளை வந்து உட்காருகிறது. தெரியாத முகம். பேசாது, அழாது, பார்த்துக்கொண்டே இருக்கும். அவ்வளவுதான் கதை.

"யாருக்கா அந்தப் பிள்ள? அவ பெத்ததா?" என்றார் டீச்சர்.

"கதையில இல்ல."

"அப்போ பேய்தான்."

"பேயாவது பிசாசாவது! அந்தம்மாவுக்கு மறை கழண்டுபோச்சு" என்று சிரித்தார் கடைக்காரர். "வீட்டுல ஆள் இருந்திருந்தா அன்னைக்கே ஆஸ்பத்திரியில தள்ளியிருப்பாங்க."

அக்கா சிரிக்கவில்லை. "எல்லாரும் அப்படித்தான் நெனப்பாங்களா?" என்று மட்டும் கேட்டார்.

அவருடைய தாள்கள் அடுத்து என் கைக்கு வந்தன. வீட்டில் வைத்துப் படித்தேன். ஒரு சுவருக்காக அடித்துக்கொள்ளும் அண்ணன் தம்பி கதை. எந்தப் பிள்ளையும் அதில் இல்லை. நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் பயிற்சி எடுத்து அதிலேயே காலத்தை ஓட்டியவள் நான். பிணத்தையும் குளிப்பாட்டியிருக்கிறேன். எனக்கே அன்றிரவு விளக்கை அணைக்க மனம் வரவில்லை.

மறுநாள் மாலை அக்கா வீட்டுக்குப் போனேன். அக்கா விளக்குப் போடாமல் உட்கார்ந்திருந்தார்.

"நீங்க அந்தக் கதையப் படிக்கவே இல்லதானே அக்கா?"

"எழுத்தெல்லாம் நடுவுல அழிஞ்சாப்ல இருக்கு. அதான், கண்ணுக்கு வர்றதச் சொன்னேன்."

"இப்ப இருக்காளா?"

"ஜன்னல்கிட்ட நிக்கிறா. நீங்க வந்ததும் எழுந்துட்டா."

திரும்பிப் பார்த்தேன். ஜன்னலும் திரையும்தான்.

"ஏதாவது பேசுவாளா?"

"ஒரு சொல் இல்ல. குரலக் கேட்டே ஆளக் கண்டுபிடிச்சவ நான். இவ யாருன்னுதான் தெரியல." என் கையைப் பிடித்துக்கொண்டார். "மகன்கிட்ட சொல்லிடாதீங்கம்மா. கூட்டிட்டுப் போயிடுவான்."

"கண் டாக்டர்கிட்ட காட்டாம நான் யார்கிட்டயும் எதுவும் சொல்லமாட்டேன். காலையில கிளம்பி இருங்க."

நான் பார்த்துக்கொண்ட பெரியவர் ஒருவருக்குப் பார்வை போகப் போக அறை நிறையப் பூக்கள் தெரிந்தன. புத்தி கடைசிவரை தெளிவாக இருந்தது. காலையில் அக்காவைப் பரிசோதித்த கண் டாக்டரும் அதையே சொன்னார். விழித்திரையின் நடுப்பகுதி தேய்ந்துவிட்டது, கண் அனுப்பாததை மூளை இட்டு நிரப்புகிறது, புத்தியில் குறை இல்லை, போன பார்வை திரும்பாது. மகனிடமும் அவரே போனில் விளக்கினார். தினமும் மாலையில் அக்காவைப் போய்ப் பார்த்துக்கொள்கிறேன் என்றேன்; அப்படியானால் அம்மா அங்கேயே இருக்கட்டும் என்றான் மகன். அக்கா டாக்டர் முன்னாலேயே முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

இப்போது கதைகளை நான்தான் அவருக்குப் படித்துக் காட்டுகிறேன். நேற்று அண்ணன் தம்பி சண்டை முற்றும் இடத்தில் அக்கா கையை உயர்த்தினார்.

"கொஞ்சம் தள்ளி உட்காருங்க. எவ்வளவு நேரமா நிக்கிறா பாவம்."

டாக்டர் சொன்னதில் ஒரு வார்த்தைகூட எனக்கு மறக்கவில்லை. தள்ளி உட்கார்ந்தேன். பக்கத்தில் திரும்பிப் பார்க்காமல், விட்ட வரியிலிருந்து படித்தேன், கொஞ்சம் சத்தமாகவே.