முதல் வண்டியை நிறுத்தியவர்

வலது கால் செருப்பு மட்டும்தான் கிரீச்சிடும். இடது கால் புழுதியில் சத்தமில்லாமல் பதியும். அதனால் அந்த ஓசை ஒன்றுவிட்டு ஒன்றாக, தெருக்கோடியிலிருந்து, எந்த அவசரமும் இல்லாமல் எங்கள் வீட்டை நோக்கி வரும். அது காதில் விழுந்த கணத்தில் வீட்டுக்குள் நடப்பவை எப்போதும் ஒரே வரிசையில் நடந்தன: அம்மா ஆட்டுக்கல்லில் குழவியை நிறுத்துவார், அப்பா கையிலிருந்த ஸ்பேனரைச் சத்தமில்லாமல் கோணிச் சாக்கின்மேல் வைத்துவிட்டுப் பின்வாசல் வழியாக மறைவார், அக்கா அவருடைய சட்டையைக் கொடியிலிருந்து எடுத்து ஒளித்துவிடுவாள், பத்து வயதான நான் வாசலுக்குப் போய், "அப்பா ஊட்டுல இல்லீங்க" என்று சொல்வேன்.

வருகிறவர் பெயர் காளியண்ணன். ஊர்ப் பிள்ளைகள் அவரை "ஒட்டுப்புல்லு" என்பார்கள். ஒட்டுப்புல் மண்டிய வரப்பில் நடந்துவிட்டு வந்தால் பாவாடை ஓரமெல்லாம் அதன் விதைகள் ஒட்டிக்கொண்டு, ஒவ்வொன்றாகப் பிய்த்துப் போட அரைமணி நேரமாகுமே, அதைப் போலத்தான் அவர். நிலத்தை மகன்களிடம் விட்டாயிற்று, மனைவியும் போய்ச் சேர்ந்தாயிற்று, செய்வதற்கென்று ஒரு வேலையும் மிச்சமில்லை; மற்றவர்களுக்கு இருக்கும் என்பது அவருக்குத் தோன்றியதே இல்லை. அம்மா சொல்வார்: "திருடனாச்சும் வந்த வேலை முடிஞ்சா போயிருவான்."

எங்கள் அப்பா ஆயில் என்ஜின் மெக்கானிக். சுற்றுவட்டாரத்துக் கிணறுகளில் என்ஜின் நின்றுபோனால், கருகுகிற பயிரைச் சொல்லிக்கொண்டு ஆள் ஓடி வரும். அப்பா எண்ணெயும் கரியுமாக என்ஜினைப் பிரித்துப் போட்டிருக்கும் இடத்துக்குக் காளியண்ணன் வந்து குந்திக்கொண்டு, மேட்டூர் அணையில் எத்தனை அடி தண்ணீர் என்பதில் தொடங்கி, எந்த ஊரில் எந்த வீட்டுப் பெண்ணை எங்கே கட்டிக்கொடுத்தார்கள் என்பதுவரை போவார். ஒருமுறை அவர் பேச்சைக் கேட்டுக்கொண்டே பூட்டியதில் கடைசியில் ஒரு வாஷர் மிச்சமாகிவிட்டது. அப்பா அந்த என்ஜினை மறுபடி முழுதாகப் பிரித்தார். பொய் சொல்ல எனக்கு அனுமதி கிடைத்தது அன்றைக்குத்தான்.

ஆனால் நாங்கள் கத்தோலிக்கர்கள். பொய் சொன்னால் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லியாக வேண்டும். மாதம் ஒருமுறை எங்கள் சிறு கோயிலுக்கு வரும் பங்குச் சாமியாரிடம், முழங்காலிட்டு, அப்பா வீட்டில் இருக்கும்போதே இல்லையென்று ஒன்பது முறை சொன்னதாகச் சொன்னேன். யார் வந்தபோது சொன்னாய் என்று கேட்டார். சொன்னேன். சாதாரணப் பொய் ஒன்றுக்குப் பத்து மங்கள வார்த்தைச் செபம் சொல்லச் சொல்கிறவர், ஒன்பது பொய்க்கும் சேர்த்து ஒன்றே ஒன்று போதும் என்றார். காளியண்ணன் அவரையும் பிடித்து வைத்துப் பேசியிருக்கிறார் என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது.

அந்த வயதில் என்னிடம் ஒரு பழக்கம் இருந்தது. அப்பா கதவின் உட்புறம் சாக்கட்டியால் வேலைகளை எழுதி, முடிந்ததற்கு நேரே ஒரு கோடு போடுவார். அதைப் பார்த்து நானும் நோட்டுப் புத்தகத்தின் கடைசிப் பக்கங்களில் எதையாவது வரிசைப்படுத்தி எழுதிக்கொண்டிருப்பேன். அதில் ஒரு பக்கம் முழுக்கக் காளியண்ணன் நிறுத்தியவை: அம்மை குத்த வந்தவர், தபால்காரர், மாப்பிள்ளை அழைப்பு மேளம், சினை மாட்டை ஓட்டிக்கொண்டு போனவர், சினை மாடு. எரிச்சலில்தான் எழுத ஆரம்பித்தேன். எழுத எழுத எரிச்சலுக்குள் வேறொன்று வந்து சேர்ந்தது. ஒரு கயிறில்லாமல், ஒரு அதட்டலில்லாமல், ஓடுகிற எதையும் வாயாலேயே நிறுத்திவிடுகிற மனிதர் அவர். கிளம்பும்போது எங்கள் பக்கத்தில் யாரும் போகிறேன் என்று சொல்ல மாட்டார்கள், "வாரனுங்க" என்பார்கள். அவர் "சரிங்க, வாரனுங்க" என்று சொன்ன பிறகும் போக மாட்டார், சொல்லிவிட்டு அடுத்த கதையை எடுப்பார். அதையும் எண்ணி வைத்திருந்தேன். சாதாரணமாக ஏழு முறை. அதிகபட்சம் பதினொன்று.

பட்டியலில் வராதவை இரண்டே. ஒன்று, கிணற்றில் பாறைக்கு வைக்கும் வேட்டு. இன்னொன்று, சேலம் போகும் முதல் வண்டி.

எங்கள் ஊர் எடப்பாடி சேலம் சாலையிலிருந்து ஒரு மைல் உள்ளே தள்ளி இருந்தது. காலை ஏழு மணிக்கு அந்தப் பஸ் சாலைக்கு வரும். அதை விட்டால் அடுத்தது பத்தரைக்குத்தான். முதல் வண்டிக்குப் புதிதாக ஒரு டிரைவர் வந்திருந்தார். ஆத்தூர்ப் பக்கத்துக்காரர், யாரிடமும் சிரிக்காதவர். அணைத்தால் ஆள் இறங்கி முன்னால் போய் ஹேண்டில் போட்டுச் சுற்றிக் கிளப்ப வேண்டும் என்பதால், வழியில் எந்த நிறுத்தத்திலும் அவர் என்ஜினை அணைப்பதில்லை. ஊர்ப் பெரியதனக்காரர் ஒருவர் கையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தபோதுகூட, கண்ணாடியில் அவரைப் பார்த்துக்கொண்டே வண்டியை எடுத்துவிட்டார் என்று சொல்வார்கள். காளியண்ணன் தினமும் காலையில் ஒரு மைல் நடந்து வந்து அந்த வண்டியைப் பார்த்துவிட்டுப் போவார். பேசிப் பார்க்க நேரம் கிடைத்ததில்லை.

அக்கா ரோசலின் பள்ளிப் படிப்பு முடித்துவிட்டு, சேலத்தில் நர்ஸ் பயிற்சிக்கு மனுப் போட்டிருந்தாள். பத்து மணிக்கு நேர்முகம், அசல் சான்றிதழோடு வர வேண்டும் என்று கடிதம் வந்தது. வராதவர்கள் இடம் அடுத்தவருக்குப் போகும் என்றும் அதில் இருந்தது. இந்த இடம் கிடைக்காவிட்டால் தைமாதம் கல்யாணம் என்று அத்தை வீட்டில் ஏற்கனவே பேசி வைத்திருந்தார்கள். அக்கா அதைப் பற்றி ஒன்றும் சொன்னதில்லை, ஆனால் அந்தக் கடிதத்தை அவள் மடித்து மடித்து, மடிப்பு கிழிகிற அளவுக்கு ஆகியிருந்தது.

அன்றைக்கு அப்பாவும் அக்காவும் நானும் நிறுத்தத்துக்குச் சீக்கிரமே வந்துவிட்டோம். அப்பா தன் கைக்கடிகாரத்தைக் கழற்றி அக்காவின் கையில் கட்டிவிட்டு, எல்லாம் சரியா என்று கடைசியாக ஒருமுறை பையைத் திறந்து பார்க்கச் சொன்னார். கடிதம் இருந்தது. சான்றிதழ் உறை இல்லை. முதல் நாள் மாலையே கதவில் "சர்ட்டிபிகேட், பையில்" என்று எழுதி, கோடும் போட்டாயிற்றே என்றார் அப்பா. அக்காவின் முகம் வெளுத்தது. அப்பா கோடு போட்ட பிறகு, படுக்கப் போகும் முன், அம்மா அதைப் பையிலிருந்து எடுத்து மாதா படத்துக்குப் பின்னால் செருகி வைத்தது அவளுக்கு நினைவு வந்துவிட்டது. இரவு முழுக்க மாதாவின் பார்வையில் இருக்கட்டும், விடிந்ததும் எடுத்து வைக்கலாம் என்று வைத்தது.

அப்பா சைக்கிளில் ஏறினார். வண்டித்தடத்து மணலில் சக்கரம் புதைந்து புதைந்து போவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் முதல் வளைவில் மறைந்ததும், எடப்பாடிப் பக்கமிருந்து முதல் வண்டியின் ஹாரன் கேட்டது.

புளியமரத்தடியில் காளியண்ணன் நின்றிருந்தார். ஓடிப்போய் அவர் முன்னால் நின்றேன். அதுவரை என் வாயிலிருந்து அவருக்குக் கிடைத்தது ஒரே ஒரு வாக்கியம்தான், அன்றைக்கு என்ன சொல்வதென்று தெரியாமல், "தாத்தா, வண்டியக் கொஞ்சம் நிறுத்தி வைக்கோணுங்க. அப்பா சர்ட்டிபிகேட் எடுக்க ஊட்டுக்குப் போயிருக்குது" என்றேன்.

அவர் என்னைக் குனிந்து பார்த்தார்.

"இன்னைக்காச்சும் உங்கப்பன் ஊட்டுல இருப்பானா, சாமி?"

நான் தலையைத் தொங்கப் போட்டேன். அவர் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. வலது செருப்பு கிரீச்சிட, வந்து நின்ற வண்டியின் முன்பக்கம் போய், டிரைவர் கை வைத்திருந்த ஜன்னல் கட்டையில் தன் கையையும் வைத்தார்.

"ஏனுங்க, நீங்க எந்தூருங்க?"

எங்கள் பக்கத்தில் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் போக யாராலும் முடியாது. ஊரைக் கேட்கிற பெரியவரிடம் முகத்தைத் திருப்புவது, தண்ணீர் கேட்டவரை விரட்டுவது மாதிரி. டிரைவர் சாலையைப் பார்த்தபடியே, ஆத்தூர்ப் பக்கம், நேரமாச்சு, கையை எடுங்க என்றார்.

"ஆத்தூர்ல எந்தப் பக்கமுங்க?"

வீரகனூர் என்று பதில் வந்தது. அவ்வளவுதான், நூல் கையில் கிடைத்துவிட்டது. வீரகனூர்ச் சந்தைக்கு மாடு பிடிக்கப் போன வருடங்களைக் காளியண்ணன் சொல்ல ஆரம்பித்தார். கண்டக்டர் இரண்டு முறை விசில் கொடுத்தார். சந்தைக்குக் கிழக்கே ஒரு இறக்கம், இறக்கத்தில் படிக்கிணறு, கிணற்றடியில் இரட்டை வேம்பு, அதை ஒட்டி ஒரு ஓட்டு வீடு என்று அவர் வழி சொல்லிக்கொண்டே போக, டிரைவரின் கை கியரிலிருந்து மெல்ல எடுபட்டது. ஒரு சித்திரை வெயிலில் மாட்டோடு மயங்கி அந்த வேம்படியில் உட்கார்ந்ததாகவும், அந்த வீட்டிலிருந்து ஒரு அம்மா வந்து முதலில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு, பிறகு தனக்கு மோர் கொடுத்ததாகவும் காளியண்ணன் சொன்னார்.

"அந்தம்மாவுக்கு இடது கையில ஒரு வெரலு மடங்காதுங்க. சொம்ப ரெண்டு கையிலயும் ஏந்தித்தான் குடுத்தாங்க."

டிரைவர் முதன்முறையாக அவர் பக்கம் திரும்பினார்.

"அது எங்க வூடு" என்றார். "எங்கம்மா."

பிறகு, நாங்கள் யாரும் அந்தச் சாலையில் பார்த்திராத ஒன்றைச் செய்தார். என்ஜினை அணைத்தார்.

அந்த நிசப்தத்தை என்னால் இன்றும் கேட்க முடிகிறது. அதிர்ந்துகொண்டே இருந்த ஜன்னல் கட்டைகளெல்லாம் அடங்கி, புளியமரத்தில் கிளிகள் கத்துவது காதில் விழுந்தது. இரும்பும் டீசலுமாக வந்து நின்ற அத்தனை பெரிய வண்டியை, ஒரு மடங்காத விரலைச் சொல்லி ஒரு கிழவர் அணைத்துவிட்டார். இந்த மனிதர் உட்கார்ந்து எங்கள் நேரத்தையெல்லாம் தின்ற இத்தனை வருடமும், ஏதோ ஒரு இடத்தில், ஒவ்வொரு கிணற்றையும் ஒவ்வொரு வீட்டையும் சிந்தாமல் சேர்த்து வைத்திருந்திருக்கிறார்.

வண்டிக்குள் எல்லாருக்கும் வியப்பு இல்லை. மடியில் பூக்கூடையோடு முன்சீட்டில் இருந்த ஒரு பெண் எட்டிப் பார்த்து, "ஏனுங்க பெரியவரே, உங்க பேச்சு வாடாது, என்ற பூவு வாடுமுங்க" என்றார். பின்னாலிருந்து வேறு சில வார்த்தைகளும் வந்தன. காளியண்ணன் எதற்கும் திரும்பவில்லை. டிரைவரின் அம்மா இறந்து நாலு வருடம் ஆகிறது என்பதைக் கேட்டுக்கொண்டிருந்தார். பேசாமல் அவர் கேட்டதை அன்றுதான் பார்த்தேன். அக்கா கடிகாரத்தைப் பார்த்தாள், தடத்தைப் பார்த்தாள், மறுபடி கடிகாரத்தைப் பார்த்தாள்.

இருபத்திரண்டாவது நிமிடம் அப்பா வந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது, உறையைப் பல்லில் கவ்வியிருந்தார். அக்கா ஏறினாள். காளியண்ணன் ஜன்னல் கட்டையிலிருந்து கையை எடுத்தார்.

"சரிங்க, வாரனுங்க."

ஒரே ஒரு முறை. சொன்னபடியே திரும்பி நடந்துவிட்டார். ஆள் இறங்கி ஹேண்டிலைச் சுற்ற, வண்டி உறுமிக்கொண்டு கிளம்பியது.

அக்காவுக்கு இடம் கிடைத்தது. பூக்காரம்மா சந்தைக்குப் பிந்திப் போய், பாதிக் கூடையைத் திருப்பிக் கொண்டுவந்தார் என்று மறுவாரம் தெரிந்தது. அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு நிறுத்தத்துக்குப் போய், நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டார். பூக்காரம்மா கொஞ்ச நேரம் முகத்தைத் தூக்கி வைத்திருந்துவிட்டு, உங்க புள்ள நர்ஸாகி வந்தா எனக்கு வலிக்காம ஊசி போடச் சொல்லுங்க என்றார். அன்று மாலை நோட்டில் ஒரு பெருக்கல் போட்டேன். வண்டியில் முப்பத்து நான்கு பேர், ஆளுக்கு இருபத்திரண்டு நிமிடம். பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் வந்தது. யாரென்றே தெரியாதவர்களிடமிருந்து ஒரு முழுப் பகலை எடுத்து என் அக்காவுக்குக் கொடுத்திருக்கிறோம். கணக்கு சரிதானா என்று இரண்டு முறை பார்த்தேன்.

எங்கள் நன்றி மூன்று வாரம் நீடித்தது என்பதையும் சொல்ல வேண்டும். மூன்று வாரமும் அப்பா பின்வாசலுக்குப் போகாமல் உட்கார்ந்து கேட்டார். நான்காவது வாரம், அறுப்புக்கு முன் இரண்டு என்ஜின்கள் காத்திருக்கையில் அந்தச் செருப்புச் சத்தம் கேட்டபோது, என்னைப் பார்த்தார். நான் வாசலுக்குப் போனேன். வாயைத் திறப்பதற்குள் காளியண்ணனே, "இல்லீன்னு சொல்லு சாமி, போயிர்றேன்" என்று சொல்லிவிட்டு நடந்தார். அதைப் பாவசங்கீர்த்தனத்தில் எந்தக் கணக்கில் சேர்ப்பதென்று எனக்குத் தெரியவில்லை.

இப்போது நான் சேலத்தில் ஓர் அலுவலகத்தில் வரைபடம் போடும் வேலையில் இருக்கிறேன். மேசைக்கு எதிரே கடிகாரம் இருக்கிறது. கதை பேச யாராவது வந்து நின்றால் நான் அதைத்தான் பார்ப்பேன். காளியண்ணன் இறந்து மூன்று வருடமாகிறது. ஊர்ச் சாலையில் ஒரு நாளைக்குப் பன்னிரண்டு வண்டிகள் ஓடுகின்றன. எல்லாம் சாவியைத் திருகினால் கிளம்புகிறவை.

போன மாதம் ஊரிலிருந்து திரும்பும்போது, அதே நிறுத்தத்தில், டிரைவருக்குப் பின்னால் முதல் சீட்டில் உட்கார்ந்திருந்தேன். வண்டித்தடத்தில் தூரத்தில் ஒரு பெண் ஓடி வந்துகொண்டிருந்தாள். ஒரு கையில் குழந்தை, இன்னொரு கையில் உயர்த்திப் பிடித்த ஏதோ காகிதம். கண்டக்டர் விசில் கொடுத்துவிட்டார். நான் முன்னால் குனிந்தேன்.

"ஏனுங்க, நீங்க எந்தூருங்க?"

டிரைவர் திரும்பவில்லை. தலைக்கு மேலிருந்த பலகையைக் கட்டைவிரலால் காட்டினார். ஓட்டுநருடன் பேசாதீர்கள் என்று எழுதியிருந்தது. வண்டி நகர்ந்தது. புழுதிக்குள் அந்தப் பெண் ஓட்டத்தை நிறுத்திவிட்டு, காகிதத்தை மெதுவாகக் கீழே இறக்குவது தெரிந்தது. பழக்க தோஷத்தில் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். வண்டி மிகச் சரியான நேரத்துக்குக் கிளம்பியிருந்தது.