குளிப்பாட்டியவள் சொல்லாமல் வைத்திருந்தது

என் மனைவி மையத்துக் குளிப்பாட்டுகிறவள், இறந்த பெண்களின் உடலை அடக்கத்துக்கு முன் கழுவுகிறவள். எங்கள் ஊரில் ஒரு பெண் மௌத்தாகிவிட்டால், கொஞ்ச நேரத்தில் எங்கள் வாசல் கடப்படியில் யாராவது வந்து ஸலாம் சொல்லிக்கொண்டு நிற்பார்கள். அவள் அடுப்பை அணைத்துவிட்டு, இலந்தை இலைப் பொட்டலத்தையும் கற்பூரத்தையும் எடுத்துக்கொண்டு, முக்காட்டை இழுத்துவிட்டுப் புறப்படுவாள். அவளுடைய உம்மாவிடம் பழகிய வேலை. கூலி கிடையாது. நான் இந்த வீட்டுக்கு மாப்பிள்ளையாக வந்த நாள் முதல், அந்த வேலையால்தான் எங்கள் வாசலில் பரக்கத்து இருக்கிறதென்று நம்பி வந்திருக்கிறேன். இன்றும் நம்புகிறேன்.

அந்த வேலைக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. வெள்ளைச் சீலை மறைப்புக்குள் கண்டதை வெளியே வந்து கதைக்கக் கூடாது. மையத்தின் உடம்பில் என்ன குறை இருந்தாலும் அது அமானிதம், நம்பி ஒப்படைத்த பொருள். குளிப்பாட்டியவளோடு கபுறுக்குப் போக வேண்டியது. அவள் மறந்தாலும் நான் மறக்கமாட்டேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன், பெரிதாக ஓதியவனும் இல்லை. தெரிந்த நாலு விஷயத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தேன். அதில் இதுவும் ஒன்று.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளின் தொடக்கத்தில் ஒரு நாள், பக்கத்துத் தெருவில் ஒரு பெண்ணைக் குளிப்பாட்டிவிட்டு வந்தாள். முழுகிவிட்டு வந்து சோற்றுக்கு முன்னால் உட்கார்ந்தவள் கை வைக்கவில்லை.

"இஞ்சாருங்க, அந்தப் பொம்புளைட நெஞ்சில..."

நான் கையைத் தூக்கினேன். "அஸ்தஃபிருல்லாஹ்! சோத்துக்கு முன்னால மையத்துட கதையா? வாய மூடு புள்ள."

"இல்ல, மத்தப் பொம்புளையளுக்கும் தெரிஞ்சா..."

"அமானிதம் எண்டு செல்லிட்டன்."

அவள் வாயை மூடினாள். ஒரு நன்மையைச் செய்துவிட்ட மனத்தோடு நான் மீன் முள்ளை எடுத்துக்கொண்டிருந்தேன்.

இரண்டு வருடம் போனது. என் ராத்தா, எனக்கு மூத்தவ, நோயில் விழுந்தா. அவ வீடு கடற்கரைப் பக்கம். வட்டையில் வேளாண்மை வேலை முடிந்து வரும் நாட்களில் போய்ப் பார்ப்பேன். மெலிந்துகொண்டே போனா. காய்ச்சல் என்றார்கள். பரியாரி கசாயம் கொடுத்தார். நாங்கள் தண்ணீர் ஓதிக் கொடுத்தோம். எப்போது போனாலும் இடது கையை நெஞ்சுக்குக் குறுக்கே மடித்து, பச்சைப் பிள்ளையை ஏந்தினது போல வைத்திருப்பா.

"என்ன ராத்தா, கை நோகுதா?"

"ஒண்டுமில்லடா. குளிருது."

கச்சான் காற்று அனலாக வீசுகிற மாதம். அந்த மாதத்தில் குளிர் என்றா. நான் அதையும் கேட்டுக்கொண்டு, தேத்தண்ணியைக் குடித்துவிட்டு வந்தேன்.

ராத்தாவைக் குளிப்பாட்டியதும் என் மனைவிதான். மறைப்பை விட்டு வெளியே வந்தவள் கிணற்றடியில் நின்று கையைக் கழுவினாள், கழுவினாள், கழுவிக்கொண்டே இருந்தாள். நான் ஒன்றும் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

ராத்தாவுக்கு நாற்பதாம் நாள் கத்தம் ஓதி முடிந்த மறுநாள், லுஹர் தொழுதுவிட்டு வந்து பாயில் சாய்ந்தேன். அவள் வந்து தலைமாட்டில் உட்கார்ந்தாள்.

"நான் ஒண்டு செல்லப்போறன். பாவமெண்டா அது என்ட கழுத்துல கிடக்கட்டும்."

நான் எழுந்து உட்கார்ந்தேன்.

"மூத்த மதினிக்கு வந்தது காய்ச்சல் இல்ல. இடது பக்க நெஞ்சு முழுக்கப் புண். கல்லுப் போல இறுகி வெடிச்சிருந்தது. வாடை வெளிய வரக்கூடாதெண்டு பழந்துணியில சந்தனத்தப் பூசி வெச்சிக் கட்டியிருந்தா. எத்தின மாசம் அப்பிடிக் கட்டினாவோ. ரெண்டு வருசத்துக்கு முந்தி நான் செல்ல வந்ததும் இதத்தான். அதே புண்."

அவள் நிறுத்தவில்லை.

"நேத்துக் கத்தத்துல தேங்காய் துருவக்குள்ள, ஒங்கட தங்கச்சி இடைக்கிடை நிப்பாட்டி, கக்கத்துக்குக் கீழ விரலால அமத்தி அமத்திப் பாத்தா. ரெண்டு மூணு தரம். இப்ப செல்லுங்க. நான் வாய மூடவா?"

நாங்கள் பிறந்தது மூன்று பேர். ஒருத்தி மண்ணுக்குப் போய்விட்டாள். மிச்சம் இருந்தவள் அந்தத் தங்கச்சி. அப்படி இருந்தும் என்னால் உடனே 'போய்ச் சொல்லு' என்று சொல்ல முடியவில்லை. இத்தனை வருடம் பிடித்த பிடி அது. மாலை அஸர் தொழுகைக்குப் பள்ளிக்குப் போய், ஆட்கள் கலைந்த பிறகு, தொழுகை நடத்தும் லெப்பையிடம் பேர் ஊர் சொல்லாமல் விஷயத்தைச் சொன்னேன்.

அவர் தாடியைத் தடவினார்.

"நான் பெரிய கிதாபெல்லாம் பாத்த ஆளில்ல, தம்பி. ஆனா மறைக்கச் செல்லியிரிக்கிறது மனிசன்ட மானக்கேட்ட. நோவு வாறது மானக்கேடா? நேத்து எனக்குப் பல்லு நொந்தது. ஊரெல்லாம் செல்லித்தான் திரிஞ்சன்."

"குளிப்பாட்டினவ செல்றது..."

"மௌத்தானவட பேரச் செல்லி ஊர்ல பரத்தச் செல்லல்ல. உசிரோட இரிக்கிறவளுக்கு அவட உசிரு அமானிதமில்லையா? போங்க, விடிய வெள்ளாப்புலயே செய்ற வேலை இது. பிந்தாதீங்க."

அடுத்த நாள் காலையிலேயே இரண்டு பேரும் தங்கச்சி வீட்டுக்குப் போனோம். அவளுடைய மாப்பிள்ளை, என் மச்சான், கரைவலையில் பங்கு வைத்திருந்தவர். வளவில் வலையைப் பரப்பிக் கிழிசலைப் பொத்திக்கொண்டிருந்தார். என் மனைவி தங்கச்சியின் காதில் ஏதோ சொன்னாள். அவள் இரண்டு அடி பின்னுக்குப் போனாள்.

"என்ன மதினி, நான் இன்னும் மௌத்தாகல்லயே! அவசரப்படாதீங்க. மையத்துக் கழுவுற கையால என்னத் தொடவேணாம்."

"கை ரெண்டையும் சவக்காரம் போட்டுத்தான் கழுவியிரிக்கன், மச்சி. உள்ளுக்கு வாங்க."

அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார்கள். நானும் மச்சானும் வலைக்குப் பக்கத்தில் இருந்தோம். உள்ளே முதலில் தங்கச்சியின் சிரிப்பு, பிறகு என் மனைவியின் மெல்லிய குரல், பிறகு ஒன்றுமில்லை. அப்புறம் தங்கச்சி ராத்தாவைக் கூப்பிட்டு அழுகிற சத்தம்.

என் மனைவி கதவைத் திறந்து வந்தாள். "புளியங்கொட்டை அளவு ஒரு கட்டி. நோகல்லயாம். மூத்த மதினியும் தொடக்கத்துல நோகல்ல எண்டுதான் இரிந்திரிப்பா. மட்டக்களப்புக்குக் கொண்டு போகணும்."

மச்சானுக்குக் கோபம் வந்துவிட்டது. "புளியங்கொட்டைக்கு மட்டக்களப்பா? கால்ல முள்ளுக் குத்தினா இங்கிலாந்துக்கு ஏத்திருவியள் போல! பரியாரி பத்துப் போட்டாக் கரைஞ்சி போகும். ஆம்புள டொக்டர்மாருக்கு முன்னால என்ட பொஞ்சாதி சட்டையக் கழட்டுறதோ?"

"லேடி டொக்டர் இரிக்கா" என்றாள் என் மனைவி. "கேட்டுத்தான் வந்தன்."

"இப்ப மீன் படுற காலம். நான் எங்க போற? பெருநாள் கழியட்டும், மறுகா பாப்பம்."

எனக்குச் சண்டை பிடிக்கத் தெம்பில்லை. வலையின் ஒரு கண்ணை விரலில் மாட்டிக்கொண்டு கேட்டேன்:

"ராத்தாவைக் கபுறடிக்குத் தூக்கிக்கொண்டு போகக்குள்ள சந்தூக்குல முன்னுக்குப் பிடிச்சது நீங்கதானே மச்சான்? எவ்வளவு பாரம் இரிந்தது?"

அவர் ஊசியை நிறுத்தினார். கடலைப் பார்த்தார்.

"பாரமே இல்லையே" என்றார். "வெறும் சந்தூக்கத் தூக்கின மாதிரித்தான் கிடந்தது."

நூலை அறுத்து, வலையைச் சுருட்டி வைத்துவிட்டுச் சட்டையைத் தேடப் போனார்.

மட்டக்களப்பு பஸ்ஸில் நால்வரும் போனோம். ஆஸ்பத்திரி விறாந்தையில் மர வாங்கில் இருந்த நேரத்தை இப்போது நினைத்தாலும் முதுகு நோகிறது. லேடி டொக்டர் யாழ்ப்பாணத்துப் பிள்ளை. தங்கச்சியைப் பார்த்துவிட்டு எங்களை உள்ளே கூப்பிட்டா.

"இது இவ்வளவு சின்னனா இருக்கேக்க ஆரும் என்னட்டக் கொண்டு வாறேல்லை. வெடிச்ச பிறகுதான் வருவினம். ஆர் கண்டது?"

தங்கச்சி என் மனைவியைக் கை காட்டினாள். "மதினி. மையத்துக் குளிப்பாட்டுறவ."

டொக்டர் அவளை ஒரு பார்வை பார்த்தா. "நோகாத கட்டிக்குத்தான், அம்மா, கூடப் பயப்பிட வேணும். நோகேல்லை எண்டு ஒருத்தரும் வீட்டில இருந்திடாதேங்கோ. ஊரில சொல்லுங்கோ."

வெட்டி எடுத்தார்கள். எடுத்ததைச் சோதித்துப் பார்த்துவிட்டுப் புற்று என்றார்கள். வேறு இடத்துக்குப் பரவவில்லை என்றும் சொன்னார்கள். பிறகு புற்றைக் கருக்கும் கதிர்க் கரண்டு பிடிக்க வேண்டுமென்று கொழும்புக்கு அனுப்பினார்கள். என் மனைவி தங்கச்சியோடு ரயிலில் போய், மாதக்கணக்கில் அங்கேயே தங்கினாள். நான் இங்கே சோற்றைக் குழைய விட்டும் கறியை அடிப்பிடிக்க விட்டும் காலம் கழித்தேன். ஒவ்வொரு தொழுகையிலும் தங்கச்சிக்குத் துஆ கேட்பேன். கேட்டு முடிக்கையில் ராத்தா நினைவு வந்துவிடும். அன்றைக்குச் சோற்றுக்கு முன்னால் என் கையைத் தூக்காமல் இருந்திருந்தால், என் மனைவி அந்தக் கதையைப் பெண்களிடம் சொல்லியிருப்பாள். ராத்தாவின் காதிலும் விழுந்திருக்கும். அப்போது அவவுக்கும் புளியங்கொட்டை அளவாகத்தான் இருந்திருக்குமோ என்னவோ. அல்லாஹ்வின் நாட்டம் என்று சொல்லலாம். சொல்கிறேன். ஆனாலும் அந்தக் கை என்னுடையது.

தங்கச்சி திரும்பி வந்தாள். ஒரு பக்கம் வெறுமையாக, இடது கையை முழுக்க உயர்த்த முடியாமல் வந்தாள். தலைவாரிக்கொள்ள வெகுநாள் எடுத்தது. இப்போது தேங்காய் துருவுகிறாள், மச்சானோடு சண்டை பிடிக்கிறாள்.

ஊர் எங்களுக்கு நன்றி சொல்லவில்லை. மையத்துக் குளிப்பாட்டி முடிந்ததும், என் மனைவி தண்ணீர் ஊற்றவந்த பெண்களிடம், "ஒங்கட ஒங்கட நெஞ்ச நீங்களே தொட்டுப் பாருங்க, நோகாத கட்டியெண்டாலும் மறைக்காதீங்க" என்று சொல்லத் தொடங்கினாள். யாருடைய உடம்பில் என்ன இருந்ததென்று ஒரு சொல் சொன்னதில்லை, ராத்தாவைத் தவிர. அதையும் எங்கள் ஆட்களின் சம்மதம் கேட்டுத்தான். ஆனாலும் 'வாய்காரி' என்று பெயர் வந்துவிட்டது. சில வீடுகளில் மௌத்து நடந்தால் மருதமுனையிலிருந்து ஆள் எடுத்தார்கள். கடப்படியில் ஸலாம் சொல்ல வருகிறவர்கள் குறைந்தார்கள். அவள் இலந்தை இலையைக் காயவைத்துப் பொட்டலம் கட்டி வைப்பாள். அது அப்படியே தூசாகிப் போகும். உம்மாவிடமிருந்து வந்த வேலை. அவள் தூசைத் தட்டிவிட்டுப் புதிது கட்டுவாள். நான் அதைப் பார்க்காதவன் போல இருப்பேன்.

பிறகு ஒரு நாள் பின்வேலியில் கிடுகு அசைந்தது. முக்காட்டை மூக்கு வரை இழுத்துவிட்ட ஒரு பெண் நின்றாள். "ஒருக்காத் தொட்டுப் பாக்கேலுமா? வீட்டுல தெரியா." அன்றைக்கு அவளுக்கு ஒன்றுமில்லை. அடுத்து வந்தவளுக்கு இருந்தது, மட்டக்களப்புக்கு அனுப்பினோம். இன்னொருத்தி வெடித்த பிறகு வந்தாள். அவளைக் கடைசியில் என் மனைவிதான் குளிப்பாட்டினாள். உயிரோடு இருக்கையில் அந்தப் பெண்ணே அப்படிக் கேட்டு வைத்திருந்தாளாம். அன்றைக்கும் என் மனைவிக்குச் சோறு உள்ளே போகவில்லை. நான் பக்கத்தில் இருந்து, "செல்லு புள்ள" என்றேன். அவள் சொன்னாள். கேட்டுக்கொண்டிருந்தேன்.

இப்போதெல்லாம் அஸருக்குப் பிறகு பின்வளவில் சருகு மிதிபடும் சத்தம் கேட்டால், நான் குடையை எடுத்துக்கொண்டு கடற்கரைக்குப் போய்விடுவேன். தோணி ஓரத்தில் மச்சான் இருப்பார்.

"இண்டைக்கும் ஒங்கள வெளிய போட்டுட்டாவா?"

"ஓம்."

"ஆரெண்டு கண்டீங்களா?"

"காணல்ல."

அவர் கொஞ்சம் நகர்ந்து இடம் விடுவார். வந்தவள் போகும் நேரம் வரைக்கும் இருவரும் அங்கேயே இருப்போம்.