இரண்டு பெரியவர்கள், இரண்டு பிள்ளைகள்

பாஸ் என்ற வார்த்தையைக் கேட்டாலே எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும். யாராவது பஸ் பாஸ் என்றால்கூட ஒரு முறை முறைத்துவிட்டுத்தான் பேசுவேன். எல்லாம் எங்கள் அத்தையால் வந்தது என்றுதான் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அத்தை, அப்பாவுக்குத் தங்கை. கல்யாணமே வேண்டாம் என்று சொல்லிவிட்டு எங்களோடு இருந்தாள். வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீசில் வேலை. தீபத்தன்று கோயிலுக்குள் போகப் பாஸ் வேண்டும். அதற்கு ஊரே நாயாய் அலையும். அத்தை மட்டும் யாரையோ பிடித்து, எப்படியோ பேசி வாங்கிவந்துவிடுவாள். கைப்பையைத் திறந்து ஒவ்வொன்றாக மேசைமேல் எடுத்து வைப்பாள் பாருங்கள், அந்த நேரத்தில் அவளுக்கு முன்னால் அண்ணாமலையாரே வந்து நின்றாலும் பாஸ் இருக்கா என்றுதான் கேட்பாள்.

நாங்கள் ஐந்து பேர். அப்பா, அம்மா, அத்தை, நான், தம்பி. வருஷா வருஷம் ஒரு பாஸ் குறையும். யாருக்கு இல்லை என்று ஒரு தடவையாவது யாராவது கேட்டிருக்க வேண்டுமே! அதற்குள் அம்மா அடுப்படிக்குள் போயிருப்பாள்.

"அண்ணிக்கு எதுக்கு பாஸ்? நம்ம மொட்டை மாடியில நின்னா மலை முழுசாத் தெரியுது. அந்தத் தள்ளுமுள்ளுல வந்து நசுங்கணுமா?" என்பாள் அத்தை.

அது உண்மைதான் என்பதுதான் எனக்கு ஜாஸ்தி எரிச்சல். தீபம் மாடியிலிருந்து நன்றாகவே தெரியும். அம்மா பொரி உருண்டை பிடித்த கையோடு மாடிக்கு ஓடிப்போய்ப் பார்த்து, கன்னத்தில் போட்டுக்கொண்டு, திரும்பிவந்து எங்களுக்கு இட்லி ஊற்றுவாள். எப்படி இருந்தது என்று எங்களைத்தான் அவள் கேட்பாள். அவளை யாரும் கேட்டதில்லை.

ரமணாசிரமத்துப் பக்கம்தான் எங்கள் வீடு. மாடியில் இரண்டு அறைகளை வெளிநாட்டுக்காரர்களுக்கு வாடகைக்கு விட்டிருந்தோம். குளிர்காலம் வந்தால் ஜெர்மனியிலிருந்து ஒரு வயதான அம்மா வந்து தங்குவார். எங்களுக்கு அவர் மாடிம்மா. சாப்பாடு எங்கள் வீட்டில். அம்மாவுக்குத் தெரிந்த இங்கிலீஷ் கம்மி. மாடிம்மாவுக்குத் தெரிந்த தமிழ் அதைவிடக் கம்மி. ஆனாலும் இரண்டு பேரும் அடுப்படியில் உட்கார்ந்தால் நேரம் போவது தெரியாமல் பேசுவார்கள். மாடிம்மாவின் ஊரில் ஒரு பழைய அரண்மனை உண்டாம். அதில் ராஜாவுக்குச் சமைத்த சமையலறையை அப்படியே வைத்திருக்கிறார்களாம். முழு மாட்டைச் சுடுகிற அடுப்பாம், தம்பி உள்ளே இறங்கிக் குளிக்கலாம் போலச் செப்பு அண்டாவாம். அம்மா ஒவ்வொரு தடவையும் ஒரே கேள்விதான் கேட்பாள்.

"அவ்ளோ பெரிய அடுப்புன்னா, புகை எங்க போவும்?"

மாடிம்மா கையை மேலே தூக்கித் தூக்கிக் காட்டுவார். விளங்காது. கடைசியில் "யூ கம், யூ சீ" என்று சொல்லி அம்மாவின் கன்னத்தைத் தட்டுவார்.

ஒரு வருஷம் மாடிம்மா இடுப்பு ஆபரேஷன் செய்துகொண்டு வரமுடியாமல் போனது. கோடை லீவில் நீ வா, என் வீட்டிலேயே தங்கு என்று அம்மாவை அழைத்தார். அழைத்தது அம்மாவை. கிளம்பியது பட்டாளம். அம்மா மூன்று மாதம் அந்த அடுப்பைப் பற்றியேதான் பேசிக்கொண்டிருந்தாள். அவள் எதையாவது ஆசைப்பட்டு நான் பார்த்தது அப்போதுதான்.

போய் இறங்கிய மறுநாள் காலையிலேயே அத்தை செல்போனைக் கையில் எடுத்துவிட்டாள். ஊர் மாறினாலும் புத்தி மாறுமா? மணிக்கூண்டுக்குத் தனி டிக்கெட், மியூசியத்துக்குத் தனி, அரண்மனைக்குத் தனி. நோண்டி நோண்டி, மூன்றுக்கும் சேர்த்து ஒரே பாஸைக் கண்டுபிடித்துவிட்டாள்.

"அண்ணே, குடும்ப பாஸ்! பாதிக்குப் பாதி கம்மி! ரெண்டு பெரியவங்க, ரெண்டு பிள்ளைங்க!"

அப்பா "பலே" என்றார்.

எனக்குப் பத்து வயது. கூட்டத் தெரியும். "அத்தை, பெரியவங்க மூணு பேரு இருக்கீங்க" என்றேன்.

"அது தெரியாதா எனக்கு? அண்ணிக்குத்தான் மூட்டு வலியாச்சே."

அம்மாவுக்கு மூட்டு வலி! தினமும் சாப்பாட்டுத் தட்டோடு மாடிக்கும் கீழுக்கும் ஏறி இறங்குகிறவளுக்கு! அந்த வலி தனக்கு இருப்பது அம்மாவுக்கே அப்போதுதான் தெரிந்திருக்கும். ஆனால் அவள் சிரித்துக்கொண்டே முட்டியைத் தடவிக்கொண்டாள். அதைப் பார்த்ததும் எனக்கு அழுகை அழுகையாக வந்தது.

மணிக்கூண்டுக்குக் கீழே, ஸ்வெட்டரை இழுத்து மூடிக்கொண்டு, அம்மா பைகளோடு உட்கார்ந்திருந்தாள். மியூசியத்து வாசலிலும் அப்படியே. அரண்மனை வாசலில் நான் வெடித்துவிட்டேன்.

"அம்மாவுக்கு ஒரு டிக்கெட் எடுங்க!"

"தனியா ஒண்ணு எடுத்தா அப்புறம் தள்ளுபடி வாங்கி என்னடி பிரயோஜனம்?" என்றாள் அத்தை.

"அப்ப நீங்க வெளிய உக்காருங்க! இது அம்மா பாக்க வந்த எடம்!"

அத்தையின் முகம் செத்துப்போனது. அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் தொடையில் சுரீர் என்று ஒரு கிள்ளு. கிள்ளியது அம்மா.

"பெரியவங்கள இப்படித்தான் பேசுவியா? போ உள்ள. போயி நல்லாப் பாத்துட்டு வந்து எனக்குச் சொல்லு. புகை எங்க போவுதுன்னு பாரு, தெரியுதா?"

"என்ன கலாட்டா? நேரமாவுது, வாங்க" என்று அப்பா உள்ளே நடந்தார்.

சமையலறையைக் கடைசியில்தான் காட்டினார்கள். அடுப்புக்குப் பக்கத்தில் போய் நின்று அண்ணாந்து பார்த்தேன். கூரை முழுவதும் கவிழ்த்து வைத்த புனல் மாதிரி மேலே மேலே குறுகிக்கொண்டே போய், உச்சியில் ஒரு துண்டு வானம் தெரிந்தது. கரி படிந்த சுவர். இவ்வளவுதான், இதைத்தான் அவள் பார்க்க ஆசைப்பட்டாள். அத்தை என் கையைப் பிடிக்க வந்தாள். உதறிவிட்டேன். அப்பா வாசற்படியிலேயே நின்று எட்டிப் பார்த்துவிட்டு, தம்பியைக் கூட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

நாங்கள் வந்தபோது அவர் பெஞ்சில் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் கட்டிக்கொண்டுவந்த எலுமிச்சை சாதத்தைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"உள்ள ஒண்ணுமே இல்ல. அடுப்பு, அண்டா. நம்ம வீட்ல இல்லாததா?" என்று அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

நான் புனலைச் சொன்னேன், வானத்தைச் சொன்னேன். அம்மா கண் கொட்டாமல் கேட்டாள்.

"அப்ப மழை பேஞ்சா? அடுப்பு அணைஞ்சிடாது?"

நான் அதைப் பார்க்கவில்லை.

"தண்ணி எங்கருந்து எடுத்திருப்பாங்க?"

அதையும் பார்க்கவில்லை. அவள் போயிருந்தால் பார்த்திருப்பாள். பத்து நிமிஷத்தில் அத்தனையும் பார்த்திருப்பாள்.

அன்று சாயங்காலம் மாடிம்மாவின் வீட்டிலும் அம்மாதான் சமைத்தாள். சாப்பிட உட்கார்ந்ததும், கைத்தடியை நாற்காலியில் சாய்த்துவிட்டு மாடிம்மா ஆவலோடு கேட்டார்: "கிச்சன்? யூ சா?"

அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு, மாடிம்மா எங்கள் வீட்டில் காட்டுவாரே, அதேபோலக் கையை மேலே தூக்கினாள்.

"சா. ஸ்மோக் கோ அப். ஸ்கை."

மாடிம்மா குழந்தை மாதிரி கைதட்டினார். "ஷீ லைக் வெரி மச்" என்று அப்பாவும் தலையாட்டினார்.

நான் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தேன். "எல்லாம் உங்களாலதான்! நீங்களும் உங்க பாஸும்! இனிமே எங்கிட்டப் பேசாதீங்க!" என்று அத்தையைப் பார்த்துக் கத்தினேன். அத்தை தலையைக் குனிந்துகொண்டு அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே இருந்தாள். நான் சொன்னபடியே செய்தேன். அடுத்த தீபம்வரை அவளோடு பேசவே இல்லை.

அந்தப் பாஸில் யார் பெயரும் போட்டிருக்கவில்லை. இரண்டு பெரியவர்கள் என்றுதான் இருந்தது. அதில் ஒருத்தி அத்தை என்று பல்லைக் கடித்தேனே தவிர, இன்னொருவர் யார் என்று எனக்குத் தோன்றவே இல்லை. நான் கத்தி முடித்தபோது அப்பா, இன்னும் கொஞ்சம் ரசம் இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டிருந்தார். அம்மா எடுத்துவர எழுந்து போனாள்.