மங்கம்மா பேசினால்தான் வேன் ஓடும்

அந்த வெள்ளை வேன் எண்ணெயில் ஓடவில்லை, மங்கம்மாவின் வாயில்தான் ஓடுகிறது என்று முதலில் சொன்னவர் நல்லசாமி. தோட்டத்து ஆபீசில் இருபத்தெட்டு வருடம் கணக்கெழுதும் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவர். சர்க்கரை வியாதியில் வலது காலை முழங்காலுக்குக் கீழே பறிகொடுத்தும் நக்கலை மட்டும் விடாத மனிதர். புக்கிட் பெலண்டோக் பக்கத்துச் செம்பனைத் தோட்டத்திலிருந்து செவ்வாய்க்கிழமை தவறாமல் போர்டிக்சன் ஆஸ்பத்திரிக்குப் போகும் அந்த வேனில், டிரைவருக்கு நேர் பின்னால் அவருக்கு நிரந்தர இடம். ஓட்டுவது வீரமுத்து. பக்கத்து சீட்டில் அவர் மனைவி மங்கம்மா. வண்டி தொழிலாளர் வீடுகள் இருக்கும் லயத்தைத் தாண்டியதும் அவள் ஆரம்பித்துவிடுவாள்.

"எடது பக்கம் ஒரு நாயி நிக்கிது பாருங்க, எலும்புந்தோலுமா. அந்தா, வலது பக்கம் மோட்டார்ல ரெண்டு பேரு, தலையில ஹெல்மெட்ட காணோம். போலீஸ் புடிச்சாதான் புத்தி வரும்."

ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் இது ஓயாது. பின்னால் உட்கார்ந்திருக்கும் ஆறு கிழங்களும் முதலில் முகம் சுளித்தார்கள், பிறகு பழகிக்கொண்டார்கள். பிள்ளைகள் சிரம்பானிலும் கோலாலம்பூரிலும் வேலை பார்க்க, தோட்டத்தோடு தங்கிவிட்டவர்கள் அவர்கள். பஸ் நின்றுபோய்ப் பல வருடமாகிறது. வீரமுத்து இல்லாவிட்டால் மருந்து மாத்திரைக்குக்கூடப் போக வழியில்லை. ஓட்டுகிறவரின் பெண்டாட்டி தொணதொணத்தால் கேட்டுக்கொள்ள வேண்டியதுதானே.

உண்மையில் மங்கம்மா அதிகம் பேசாத பெண். முப்பத்தைந்து வருடம் பால்மரம் வெட்டி ரப்பர் பால் எடுத்தவள். விடியற்காலையில் மரங்களுக்கு நடுவே தனியாக நின்று வேலை செய்தவளுக்கு யாரோடு பேசிப் பழக்கம்? கல்யாணமான புதிதில், தனக்கு வாய்த்தது ஊமையோ என்று வீரமுத்துவே பயந்திருக்கிறார். அவள் பேச ஆரம்பித்தது அறுபத்தாறாவது வயதில். அதற்குக் காரணம் அவளுக்கும் அவருக்கும் மட்டும் தெரியும்.

இரண்டு வருடத்துக்கு முன்பு வீரமுத்து கோயில் வளைவில் வேனை உரசிவிட்டார். லோபாக்கில் குடியிருக்கும் மகள் லோகேஸ்வரி கையோடு அழைத்துப்போய்ச் சிரம்பானில் கண் டாக்டரிடம் காட்டினாள். கண்ணில் அழுத்தம், நரம்பு கெட்டுவிட்டது என்றார் டாக்டர். எதிரே இருப்பது தெரியும், பக்கத்தில் வருவது தெரியாது. போனது திரும்பாது, இனி வண்டி ஓட்டக்கூடாது.

"போதும்பா. முப்பத்தோரு வருசம் தோட்டத்து லாரி, ஸ்கூல் பஸ்ஸு. ரிட்டையர் ஆயி இந்த வேன் வேற. கால நீட்டி ரெஸ்ட் எடுங்கலா," என்றாள் லோகேஸ்வரி. அவள் சொன்னதில் ஒரு சொல் தப்பில்லை. வீரமுத்துவும் மறுபேச்சுப் பேசாமல் சாவியை ஆணியில் மாட்டினார்.

நாற்பது நாள் மாட்டியிருந்தது. அந்த நாற்பது நாளில் மங்கம்மா பார்த்தது மகளுக்குத் தெரியாது. முதல் வாரம் டிவி. இரண்டாவது வாரம் டிவியையும் போடாமல் அதற்கு எதிரே உட்கார்ந்திருந்தார். சவரம் செய்வதை விட்டார். சாப்பிட்டாரா இல்லையா என்பதே அவருக்கு மறந்துபோனது. ஒரு நாள் நடுப்பகலில் ஆளைக் காணோம் என்று தேடினால், கொளுத்தும் வெயிலில், கண்ணாடி எல்லாம் ஏற்றிய வேனுக்குள் ஸ்டீரிங்கைப் பிடித்தபடி வியர்வையில் தொப்பலாக நனைந்து உட்கார்ந்திருக்கிறார். கதவைத் திறந்து உலுக்கினாள். இங்கே உட்கார்ந்தால்தான் மூச்சு வருகிறது என்றார்.

ஓய்வு பெற்று நாலு மாதத்தில் போய்ச் சேர்ந்த, ஆட்களை வேலை வாங்கிய மண்டோர், ஐந்தாம் மாதம் போன வாட்ச்மேன் என்று அவளுக்குள் வரிசையாக முகங்கள் வந்தன. சுற்றி வந்து பக்கத்து சீட்டில் ஏறினாள்.

"பக்கத்துல வர்றத நான் சொல்றேன். நான் சொல்லச் சொல்ல ஓட்டுவீங்களா?"

அவர் அழுதார். அடுத்த செவ்வாய்க்கிழமை வேன் ஓடியது. கண்ணுக்கு மருந்து போட்டதில் சரியாகிவிட்டது என்று மகளிடம் சொல்லிவிட்டார்கள்.

அவள் செய்தது சரியா? ஆறு பேர் உயிரை வைத்து ஒரு மனிதரை நடமாட விடலாமா? இதை மங்கம்மா யோசிக்காமலில்லை. சாமி கும்பிடும்போதெல்லாம் யோசித்தாள். ஆனால் காலையில் அவர் சட்டையை மடித்துவிட்டு, தலை வாரி, சாவியைச் சுழற்றிக்கொண்டு படி இறங்குவதைப் பார்த்ததும் அந்த யோசனை அடங்கிவிடும். டிவிக்கு எதிரே நாற்காலி, இல்லாவிட்டால் வேன் என்று இரண்டே வழிதான் அவள் கண்ணில் பட்டது. நடுவில் தன் உடம்பு ஒன்று இருப்பதை அவள் கணக்கில் சேர்க்கவே இல்லை.

முதலில் அகப்பை விழுந்தது. குழம்பைக் கிண்டிக்கொண்டிருந்தவள் கையிலிருந்து, பிடித்திருக்கும்போதே நழுவியது. வலது உள்ளங்கையில் எறும்பு ஊர்வதுபோல் இருந்தது, கொஞ்ச நேரத்தில் சரியானது. பத்து நாள் கழித்து, வேனில் போகும்போது இடது பக்கச் சந்திலிருந்து ஒரு மோட்டார் வந்தது. மோட்டார் என்று சொல்லத்தான் நினைத்தாள். வந்த சொல் வேறு.

"எடது பக்கம் கொடம் வருது."

வீரமுத்து பிரேக்கை மிதித்துவிட்டுச் சிரித்தார். குடம் எப்போதிலிருந்து ரோட்டில் நடக்கிறது என்று நல்லசாமி கேட்க, வேனே சிரித்தது. மங்கம்மாவும் சிரித்து வைத்தாள். இது நல்லதற்கில்லை என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

டாக்டரைப் பார்த்தால் ஆயிற்று, வாராவாரம் ஆஸ்பத்திரி வாசலுக்குத்தானே போகிறாள் என்று தோன்றும். அங்கேதான் சிக்கல். ஆட்களை வாசலில் இறக்கியதும் வேனை நகர்த்தச் சொல்லி, வாசல் காவலுக்கு நிற்கும் ஜாகா விசில் அடிப்பான். பிறகு இடம் தேடிச் சுற்ற வேண்டும், இரண்டு காருக்கு நடுவே பின்னால் விட்டு நிறுத்த வேண்டும். மங்கம்மா இறங்கிவிட்டால் வீரமுத்துவால் ஒரு முழம் நகர்த்த முடியாது. நிறுத்திய பிறகும் பாடுதான், யாராவது வந்து வேனைத் தள்ளிப் போடச் சொல்லிக்கொண்டே இருப்பார்கள்.

ஒரு செவ்வாய்க்கிழமை, கூட வரும் ஆறு பேரில் ஒருத்தியான விமலா அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, பிரஷர் பார்த்துக்கொண்டு வரலாம், ஐந்தே நிமிடம் என்று கையைப் பிடித்து இழுத்தாள். மங்கம்மா ஒரு காலைக் கீழே வைத்தும்விட்டாள். விசில் கேட்டது. வீரமுத்து முன்னால் பார்த்தபடி ஸ்டீரிங்கைப் பிடித்துக்கொண்டிருந்தார். அடுத்த வாரம் வருகிறேன் என்று சொல்லிக் காலை உள்ளே எடுத்துக்கொண்டாள். அடுத்த வாரமும் அதையேதான் சொன்னாள்.

அந்தக் கடைசிச் செவ்வாயன்று காலையிலிருந்தே தூறல். செம்மண் பாதை வழுக்கியது. இரண்டு பக்கமும் செம்பனை அடர்ந்து, எட்டரை மணிக்கும் உள்ளே வெளிச்சம் குறைவாகவே இருந்தது. எழுந்ததிலிருந்து மங்கம்மாவுக்குத் தலை கனத்தது. நாயைச் சொன்னாள், சைக்கிளைச் சொன்னாள். தோட்டத்துக்குள் இரண்டு பாதைகள் சேரும் முனை வந்தது. இடது பக்கத்திலிருந்து செம்பனைப் பழ லாரி ஒன்று, குலைகளைக் கும்பாரமாக ஏற்றிக்கொண்டு, வேகத்தைக் குறைக்காமல் வந்தது.

அவள் பார்த்தாள். நன்றாகப் பார்த்தாள். எடது பக்கம் லாரி என்று மனதுக்குள் முழுதாக, தெளிவாக இருந்தது. வாயைத் திறந்தாள், வரவில்லை. மறுபடி திறந்தாள். வாயின் வலது ஓரத்தில் எச்சில்தான் வழிந்தது.

வீரமுத்துவுக்கு லாரி தெரியவில்லை. அவள் பேசாதது தெரிந்தது. இரண்டு வருடத்தில் அந்த முனையில் அவள் குரல் இல்லாமல் இருந்ததே இல்லை. பிரேக்கில் ஏறி நின்றார். வேன் சறுக்கி நிற்க, ஒரு கை தூரத்தில் லாரி ஹாரனை அலறவிட்டுக் கடந்து போயே போனது.

"என்ன தங்கச்சி, நீ வாய மூடினதும் வேன் நின்னு போச்சே," என்றார் நல்லசாமி. யாரும் சிரிக்கவில்லை. விமலா முன்னால் எட்டிப் பார்த்துவிட்டு, மங்கம்மாவுக்கு வாய் கோணுகிறது என்று கத்தினாள்.

ஆளுக்கு ஆள் போனை எடுத்தார்கள். அந்தப் பள்ளத்தில் என்றைக்கு லைன் கிடைத்தது, அன்றைக்குக் கிடைக்க? லாரி மறைந்துவிட்டது. மெயின் ரோடு நாலு கிலோமீட்டர்.

"டிரைவரே, அடிங்க வண்டிய. என்னத்த பாத்துக்கிட்டு இருக்கீங்க?" என்று நல்லசாமி சீட்டைத் தட்டினார்.

வீரமுத்து அசையவில்லை. மனைவியின் வலது கையைத் தூக்கிப் பார்த்தார். விட்டதும் அது மடியில் விழுந்தது.

"எனக்குப் பக்கம் தெரியாது, கிராணி ஐயா. ரெண்டு வருசமா இவதான் எனக்குக் கண்ணு."

நாயும் மோட்டாரும் ஹெல்மெட்டும் எதற்கு என்று ஆறு பேருக்கும் ஒரே நேரத்தில் விளங்கியது. பின்சீட்டில் யாரோ முருகா என்றார்கள். வேறு ஓட்டத் தெரிந்தவர் நல்லசாமிதான், அவருக்கோ மிதிக்கக் கால் இல்லை. இரண்டு சீட்டுக்கும் நடுவில் தலையை நீட்டி, நான் சொல்கிறேன், ஓட்டுங்கள் என்றார்.

மங்கம்மாவுக்கு எல்லாம் கேட்டது, எல்லாம் புரிந்தது. நல்லசாமி மோட்டார் கடந்து போன பிறகு மோட்டார் என்றார். இடதைப் பார்த்து வலது என்றார், ஐயோ என்றார், பிறகு ஒன்றும் இல்லை என்றார். வீரமுத்து வியர்த்து வழிய, பேசு மங்கா, ஏதாவது பேசு என்று கெஞ்சிக்கொண்டே ஓட்டினார். வாழ்நாளில் யாரும் அவளைப் பேசச் சொல்லிக் கெஞ்சியதில்லை.

முன்னால் சின்னப் பாலம் வருவதை அவள் பார்த்தாள். போன மாத மழையில் அதன் இடது ஓரம் இடிந்து தண்ணீருக்குள் போய்விட்டது. அடையாளத்துக்கு நட்டிருந்த மட்டை சாய்ந்து கிடந்தது. வீரமுத்துவுக்கும் பாலம் தெரியும், ஆனால் எந்த இடத்தில் வலது பக்கம் ஒதுங்க வேண்டும் என்று சொல்வது அவள் வேலை. வழக்கமாக அந்த இடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருப்பவர் நல்லசாமி. இப்போது அவர் வலது பக்கத்து மாட்டைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார்.

வீரமுத்துவுக்குப் பக்கத்தில் இருந்த அவள் வலது கை செத்துக் கிடந்தது. தூரத்துக் கையை, இடது கையை, வயிற்றின் மேல் இழுத்து இழுத்துக் கொண்டுபோய் அவர் சட்டைக் கையைப் பிடித்தாள். பிடித்து இழுத்தாள். வேன் நின்றது. இடது சக்கரத்துக்குக் கீழிருந்து கற்கள் உதிர்ந்து தண்ணீரில் விழும் சத்தம் எல்லாருக்கும் கேட்டது.

மெயின் ரோட்டில் லைன் கிடைத்தும், ஆம்புலன்ஸ் வேறு இடத்துக்குப் போயிருக்கிறது என்றார்கள். இருபத்தைந்து நிமிடப் பாதைக்கு ஒரு மணி பத்து நிமிடமானது.

ஆஸ்பத்திரியில் அவளைத் தள்ளுபடுக்கையில் போட்டு உள்ளே கொண்டுபோனார்கள். மாதவி என்ற சின்ன வயதுத் தாதி அவளுடைய ஐசியை, அடையாள அட்டையை, வாங்கிக்கொண்டு வீரமுத்துவிடம் கேள்வி கேட்டாள். எத்தனை மணிக்கு ஆரம்பித்தது, பிரஷர் உண்டா, என்ன மருந்து சாப்பிடுகிறார்? முதல் கேள்விக்கு மட்டும், லாரி வந்தபோது என்றார். இதற்கு முன் இங்கே வந்திருக்கிறாரா என்று கேட்டபோதுதான் அவர் நிமிர்ந்தார்.

"வாராவாரம் வருவாம்மா. ரெண்டு வருசமா ஒரு செவ்வாக்கெழம தவறினது இல்ல."

மாதவி கம்ப்யூட்டரில் தட்டிப் பார்த்தாள். மறுபடி ஐசி எண்ணைச் சரிபார்த்துத் தட்டினாள்.

"இல்லையே அங்கிள். இவங்க பேருல ஒரு கார்டுகூட இல்ல. வந்ததே இல்ல."

எப்படி இல்லாமல் போகும், வாசல் வரைக்கும் நான்தானே என்று ஆரம்பித்தவர் பாதியில் நின்றார். பக்கம் தெரியாத மனிதர் என்பதால் உடம்போடு முழுதாகத் திரும்பித்தான் அவளைப் பார்க்க வேண்டியிருந்தது.

"நீ எறங்கவே இல்லையா, மங்கா?"

அப்போது கதவைத் தள்ளிக்கொண்டு ஜாகா வந்தான். வெள்ளை வேன் யாருடையது, ஆம்புலன்ஸ் வழியை மறித்துக்கொண்டு நிற்கிறது, உடனே நகர்த்த வேண்டும் என்றான். வீரமுத்துவின் கையில் சாவி இருந்தது. அதை வைத்துக்கொண்டு, பழக்க தோஷத்தில், அவள் சொல்லட்டும் என்று அவளையே பார்த்தபடி நின்றார்.

மங்கம்மா வாயைத் திறந்தாள். அவர் காத்திருந்தார்.