யுரேனஸ் நாறிய நாள்

ஆறாம் வகுப்பில் அறிவியல் கண்காட்சிக்குக் கிரகங்களைப் பங்குபோட்ட அன்று பார்த்து எனக்குக் காய்ச்சல். மறுநாள் போனால் வளையம் போட்ட சனியை ஒருத்தி, சிவப்புச் செவ்வாயை ஒருத்தி என்று அள்ளிக்கொண்டு போயிருந்தார்கள். எனக்கு மிஞ்சியது யுரேனஸ். முதல் பரிசு வாங்குபவரைக் கோளரங்கத்துக்குக் கூட்டிப்போவதாக மிஸ் சொல்லியிருந்தார். திருவொற்றியூரைத் தாண்டி நான் பார்த்த தூரதேசம் கொருக்குப்பேட்டை அத்தை வீடுதான். கோளரங்கம் போயே தீரவேண்டும் என்று ஒரே வெறி எனக்கு.

அம்மாவின் தம்பி எங்கள் வீட்டில்தான் இருந்தார். காசிமேட்டில் படகுகளுக்குப் பெயின்ட் அடிக்கிற வேலை. வலையில் கட்டும் பெரிய பிளாஸ்டிக் மிதவை ஒன்றைக் கொண்டுவந்து, படகுக்கு அடித்து மிஞ்சிய நீலப்பச்சையை அதில் பூசினார். நான் பக்கத்தில் உட்கார்ந்து பாடத்தைப் படித்துக் காட்டினேன். கால் வைக்கத் தரையே கிடையாது, மேலே முழுக்க வாயுவும் உறைகுளிரும்தான். சூரியனை ஒரு சுற்றுச் சுற்ற எண்பத்து நான்கு வருஷம். அதையும் படுத்துக்கொண்டே செய்யும்.

"படுத்துகினே சுத்துதா? ஞாயித்துக்கெழம நம்ம மச்சான் கணக்கா கீதே!" என்றார் மாமா. அப்பா பாயில் புரண்டு படுத்தார்.

அந்தக் கிரகத்தின் மேகங்கள் அழுகிய முட்டை போல நாறும் என்ற கடைசி வரியைப் படித்ததும் மாமாவின் முகம் மலர்ந்துவிட்டது. "நாறுனாத்தான் பாப்பா அது யுரேனஸு!" மூன்று முட்டைகளை ஒரு பாட்டிலில் உடைத்து ஊற்றி, ஒரு வாரம் மொட்டைமாடி வெயிலில் வைத்து, மிதவையின் உச்சியில் ஓட்டை போட்டு உள்ளே இறக்கினார். சீஃப் கெஸ்ட் வரும்போது மூடியைத் திறக்கவேண்டியது என் பொறுப்பு.

அந்த நாற்றம் எங்களுக்குப் புதிதில்லை. வாரத்தில் இரண்டு நாளாவது பக்கத்து ஃபாக்டரிப் பக்கமிருந்து அதே நாற்றம் வரும். "கேஸ் வுட்டான்டி!" என்று யாராவது கத்தினால் போதும், தெரு முழுக்க ஜன்னல்கள் படபடவென்று சாத்தப்படும். அம்மா, பக்கத்து வீட்டு அக்காக்களையெல்லாம் சேர்த்துக்கொண்டு மூன்று முறை ஃபாக்டரியில் மனு கொடுத்துவிட்டு வந்தாள். நாற்றத்துக்கும் எங்களுக்கும் சம்பந்தமில்லை, அது கால்வாயிலிருந்து வருகிறது என்று மூன்று முறையும் ஒரே பதில்.

அந்த ஃபாக்டரியின் அதிகாரிதான் எங்கள் சீஃப் கெஸ்ட். பள்ளிக்கு எட்டு ஃபேன் வாங்கிக் கொடுத்திருந்தார்.

அவர் சனியின் முன்னால் நின்று வளையத்தை ரசித்துக்கொண்டிருந்தபோது நான் மூடியைத் திறந்தேன். ஐயோ, அது என்ன நாற்றம்! பின்னாலிருந்து ஒரு குரல், "கேஸ் வுட்டான்டி!" அவ்வளவுதான். வந்திருந்த அம்மாக்கள் எல்லோரும் பழக்க தோஷத்தில் எழுந்து ஓடி ஜன்னல்களைச் சாத்தினார்கள். நாற்றம் வெளியே போக வழியில்லாமல் இரண்டு மடங்காயிற்று. முந்தானைக்குள் மூக்கைப் புதைத்திருந்த கூட்டத்தில் என் யுரேனஸைப் பார்க்க ஓர் ஆள் இல்லை. கோளரங்கம் போச்சே என்று எனக்கு அழுகை முட்டியது.

அதிகாரிக்கு முகம் வெளுத்துப்போனது. செல்போனை எடுத்து ஒரு மூலைக்குப் போனார். மெதுவாகப் பேசுவதாகத்தான் அவர் நினைத்திருக்கவேண்டும். "இன்னிக்கு ஒரு நாள் கேஸைத் திறக்காதீங்கன்னு சொல்லிட்டுத்தானேய்யா வந்தேன்!"

அவர் வாங்கிக் கொடுத்த ஃபேன்கள் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது.

பாவம், செய்யாத தப்புக்கு மனுஷன் வேர்த்து வழிகிறாரே என்று எனக்குப் பொறுக்கவில்லை. பாட்டிலைத் தூக்கிக் காட்டிக் கத்தினேன். "சார், அது நீங்க இல்ல சார்! எங்க யுரேனஸ் சார்!"

எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அம்மா முந்தானையை மூக்கிலிருந்து எடுத்தாள். "அப்போ மத்த நாள்ல வர்றது இன்னா சார்? அதுவும் யுரேனஸ்தானா?"

மாமா விசிலடித்தார். கைதட்டலும் சிரிப்புமாகக் கூரை அதிர்ந்தது. அதிகாரி கர்சீப்பால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே, முதல் பரிசு இதற்குத்தான் என்று என் மிதவையைக் காட்டிவிட்டுக் காரில் ஏறினார். வீடு திரும்பும் வழியெல்லாம் தெருப் பெண்கள் என் கன்னத்தைக் கிள்ளிக் கிள்ளிச் சிவக்கவைத்தார்கள். நாலாவது மனுவை இனிமேல் எழுதவே வேண்டாம், நேரிலேயே கேட்டுக்கொள்ளலாம் என்று அம்மா சொல்லச் சொல்லச் சிரித்தார்கள். யுரேனஸை இத்தனை பேருக்குப் பிடித்துவிட்டதே என்று எனக்குத் தலைகால் புரியவில்லை.

அந்த அதிகாரி மேல் மட்டும் ரொம்ப நாளைக்கு எனக்கு வருத்தம் இருந்தது. அத்தனை பேர் முன்னால் உண்மையைச் சொல்லி அவரைக் காப்பாற்றியவள் நான். போகும்போது ஒரு தேங்க்ஸ்கூடச் சொல்லவில்லை, மனுஷன்.