அம்மாவின் கல்லில் கல்யாண வருஷம்

இங்கிலாந்தில், லங்காஷயரின் நெல்சன் ஊரில், பஸ் டிப்போ கேன்டீனில் சமைத்தே பாதி ஆயுளைக் கழித்தவள் மார்ஜரி. அம்மா எத்தல் செத்த வருஷம் அவளுக்கு வம்சப் பைத்தியம் பிடித்தது. சனிக்கிழமையானால் நூலகத்தில் போய் உட்கார்ந்துவிடுவாள். பழைய மக்கள்தொகைக் கணக்கில், தாத்தா பதினோரு வயதிலேயே ஓல்டம் பஞ்சாலையில் பாதி நாள் வேலை, பாதி நாள் பள்ளிக்கூடம் என்று கண்டதும் அங்கேயே அழுதுவிட்டாள். "பிரபு வீட்டுக்காரங்களுக்குத்தான் வம்சமா? எங்களுக்கெல்லாம் கிடையாதா?" என்று நூலகப் பெண்ணிடம் சண்டைக்கே போனாள்.

மிச்சமிருந்தது அப்பா அம்மா கல்யாணப் பதிவு மட்டும். அம்மாவின் கல்லறைக் கல்லில் 'ஹெர்பர்ட்டின் அன்பு மனைவி' என்று செதுக்கச் சொல்லியாயிற்று. கூடவே கல்யாண வருஷத்தையும் போட ஆசை. எப்போதோ காலமான அப்பா ஹெர்பர்ட்டின் பெயரைச் சொல்லி நகல் கேட்டு எழுதினாள். வந்தது. அப்பா பெயர், தாத்தா பெயர், பஞ்சாலைத் தொழில், எல்லாம் சரி. மணப்பெண் பெயர் ஹில்டா.

மார்ஜரிக்குத் தூக்கிவாரிப்போட்டது. நம்ம ஹில்டா ஆன்ட்டியா! அந்தத் தெருக்களில் பக்கத்து வீட்டுக்காரி, மாடிக் குடித்தனக்காரி எல்லோருமே பிள்ளைகளுக்கு ஆன்ட்டிதான். யாருக்கு யார் உறவென்று எந்தக் குழந்தை கேட்கும்? காலமெல்லாம் இவர்கள் வீட்டுப் பின்னறையில் இருந்துகொண்டு, தனக்குத் தலைபின்னிவிட்ட ஹில்டாவைப் பற்றி இவளும் கேட்டதில்லை. பாவி மனுஷன், அப்பா என்ன காரியம் செய்துவைத்திருக்கிறார்!

காகிதத்தோடு அடுப்படிக்குப் போனாள். ஹில்டா டீ ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"இது என்ன ஆன்ட்டி?"

ஹில்டா காகிதத்தை ஒரு பார்வைதான் பார்த்தாள். "கண்டுபிடிச்சிட்டியா? உன்னை அந்த லைப்ரரிப் பக்கமே விட்டிருக்கக் கூடாது."

"அப்ப எங்கம்மா யாரு?"

"மில்லுல என் பக்கத்து மெஷின்ல நின்னவ. ஓல்டம்ல எங்க வீட்டுலதான் குடியிருந்தா. எனக்குப் பிள்ளை தங்கல. அவளுக்குத் தங்கிடுச்சு, உங்கப்பனால. அங்கேயே இருந்தா மானம் போயிடும்னு மூணு பேரும் இங்க வந்துட்டோம். வயித்தத் தள்ளிக்கிட்டு நிக்கிறவளத்தானே ஊருக்குப் பொண்டாட்டின்னு காட்டணும்? மோதிரத்தக் கழட்டி அவ கையில போட்டுட்டேன். நான் ஆன்ட்டி ஆயிட்டேன்."

"உங்களுக்குக் கோபமே வரலையா?"

"வராம? அந்த ஆளோட ஒரு வருஷம் முகங்கொடுத்துப் பேசல. அப்புறம் நீ தவழ ஆரம்பிச்சுட்டே, சண்டை போட எங்க நேரம்? டீ ஆறுது, குடி."

"செதுக்குறத நிறுத்தச் சொல்லவா?"

"சீ, செத்தவள இப்பப் போய் அவமானப்படுத்துவியா? பொண்டாட்டின்னே இருக்கட்டும்." ஹில்டா கெட்டிலைக் கீழே வைத்தாள். "ஆனா ஒண்ணு கண்ணு. நாளைக்கு நான் போய்ட்டா, என் கல்லுல என்னை யாருன்னு போடுவே?"